பண்ணியாச்சு!

துணி துவைக்கும் மெஷின்களைப் பழுதுபார்க்கும் எங்கள் தொழிலில் 'ஆமாம்' என்ற சொல்லுக்கு 'இருக்கலாம்' என்று பொருள்.

"ப்ளக் சொருகியிருக்கா?" என்று போனில் கேட்பேன். "ஆமாம்" என்பார்கள். பையைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறிப் போனால் ப்ளக் தரையில் சுகமாகப் படுத்திருக்கும். "குழாய் திறந்திருக்கா?" "ஆமாம்." மூடியிருக்கும். யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. தினமும் திறந்திருக்கிற குழாய் இன்றும் திறந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை, அவ்வளவுதான். அதனால் நாங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போடுவோம். "ப்ளக்கைப் பிடுங்கி, அதுமேல ஒரு ஊது ஊதிட்டு, மறுபடி சொருகுங்க" என்போம். ஊதுவதால் மெஷினுக்கு ஒரு பயனும் இல்லை. ஆனால் ஊத வேண்டுமென்றால் ப்ளக் இருக்கிற இடத்துக்குப் போயாக வேண்டும். போனதும் மறுமுனையில் "அட!" என்று ஒரு சத்தம் வரும். அந்த 'அட'வுக்காகத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

இந்தக் குணம் வேலைக்கு நல்லது. ஜெர்மன் பரீட்சைக்கு ஆகாது.

என் கணவர், கல்யாணமான கையோடு, ஜெர்மன் பேசும் ஊர் ஒன்றுக்கு ரொட்டி சுடும் வேலைக்குப் போனவர். நானும் அங்கே போய்ச் சேர வேண்டுமானால் பரீட்சையில் தேறியாக வேண்டும். படிப்பது, கேட்பது, எழுதுவது மூன்றிலும் தேறிவிட்டேன். பேசுவதில் கவிழ்ந்தேன். இந்தத் தடவையும் கவிழ்ந்தால் அடுத்த தேதிக்கு மழைக்காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டும். அதுவரை அவரைக் கைபேசித் திரையில் உள்ளங்கை அளவில்தான் பார்க்க முடியும். ஒரு வருஷமாக அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மனுஷர் நிஜத்தில் எவ்வளவு உயரம் என்பதே மறந்துகொண்டு வருகிறது.

பேச்சுத் தேர்வில் இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைப்பார்கள். நடுவில் சீட்டுகள் கவிழ்ந்து கிடக்கும். ஒவ்வொரு சீட்டிலும் ஒரே ஒரு சொல்: தூக்கம், காலைச் சாப்பாடு, சமையலறை, துணி. ஒரு சீட்டை எடுத்து, அந்தச் சொல்லை வைத்து, எதிரில் இருப்பவர் நேற்றோ இன்றோ செய்ததைப் பற்றி ஒரு கேள்வி கேட்க வேண்டும். அவர் பதில் சொல்வார். அடுத்து அவர் கேட்பார், நாம் சொல்ல வேண்டும். பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற விளையாட்டுதான்.

போன தடவை எனக்குச் 'சமையலறை' வந்தது. நேற்று சமையலறையைச் சுத்தம் செய்தீர்களா என்று ஜெர்மனில் கேட்டேன். எதிரில் இருந்த பெண் "யா" என்றாள், அதாவது ஆமாம். சொன்ன வேகம் எனக்குச் சரியாகப் படவில்லை. அடுப்புக்குப் பின்னாலும் துடைத்தீர்களா என்றேன். "யா." அடுப்பை நகர்த்தினீர்களா? யார் கூடப் பிடித்தார்கள்? எந்தத் துணியால் துடைத்தீர்கள்? அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. தேர்வாளர் அம்மா பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, "இது உரையாடல். போலீஸ் விசாரணை இல்லை" என்றார். அதற்குள் நேரம் முடிந்திருந்தது. பந்து ஒரு தடவைகூட என் பக்கம் வரவில்லை.

"அண்ணி, நீங்க இந்த உலகத்துல ஒருத்தரையும் நம்ப மாட்டீங்க" என்றாள் என் நாத்தனார். கீழ்த்தளத்தில் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறாள். மேலே நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். "எங்க அண்ணனையாவது நம்புவீங்களா?"

"உங்க அண்ணன் ப்ளக்கை ஊதினா நம்புவேன்."

"என்னைப் பாருங்க. ஒரு தலைக்கு ஒம்பது கேள்வி கேப்பேன். வேலை எப்படிப் போகுது, பிள்ளைங்க நல்லாப் படிக்குதா, வீடு மாத்திட்டீங்களா... ஒரு பதிலாவது எனக்கு ஞாபகம் இருக்கும்னு நினைக்கிறீங்க? கேள்விங்கிறது வெட்டுறதுக்கு முன்னாடி தண்ணி தெளிக்கிற மாதிரி அண்ணி. முடி படியணும், அவ்வளவுதான். நான் சொல்லித் தரேன், உக்காருங்க."

"உனக்கு ஜெர்மன் தெரியாதே?"

"அதை நீங்க சொல்லிக் கொடுங்க. நம்புறதை நான் சொல்லிக் கொடுக்கறேன்."

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். ஒரு பொருளைத் திறந்து உள்ளே காட்டச் சொன்னால் எனக்குத் தூக்கம் பசி ஒன்றும் தெரியாது.

"பாரு, 'ஹாஸ்ட் டூ கெகெஸ்ஸன்?' அப்படின்னா 'சாப்பிட்டாச்சா?' இதை முன்பக்கம் கதவு வச்ச மெஷின்னு வச்சுக்கோ. 'ஹாஸ்ட்'தான் கதவு. கேள்வின்னா முதல்ல அதைத் திறக்கணும். 'டூ'ன்னா நீ. 'கெகெஸ்ஸன்'ங்கிறது சாப்பிட்டது. அது தண்ணி வெளிய போற குழாய். எப்பவும் கடைசி. நடுவுல எவ்வளவு துணி வேணாலும் திணிக்கலாம். இன்னைக்கு, காலையில, கடையில, தனியா, ரெண்டு ரொட்டி, எல்லாம் போட்டுட்டுக் கடைசியில 'கெகெஸ்ஸன்'."

"அப்ப கடைசி வரைக்கும் ரொட்டிக்கு என்ன ஆச்சுன்னே தெரியாதா?"

"நாம மட்டும் எப்படிப் பேசறோம்? 'இன்னைக்குக் காலையில கடையில தனியா ரெண்டு ரொட்டியை'ன்னு நிறுத்தினா, தின்னியா தூக்கிப் போட்டியான்னு யாருக்குத் தெரியும்?"

நாத்தனார் கைதட்டிச் சிரித்தாள். போவது, வருவது, எழுந்திருப்பது மாதிரி ஆள் இடமோ நிலையோ மாறுகிற வினைகளுக்குக் கதவு வேறு என்றும் காட்டினேன். அங்கே 'ஹாஸ்ட்' கிடையாது, 'பிஸ்ட்'. கடைக்குப் போனாயா என்று கேட்க 'பிஸ்ட் டூ' என்று தொடங்கி 'கெகாங்கன்' என்று முடிக்க வேண்டும். மரியாதையான ஆளென்றால் 'டூ'வுக்குப் பதில் 'ஸீ', கதவும் 'ஹாபன்' ஆகிவிடும். அந்த ஊரில் நடந்துமுடிந்ததைப் பற்றி வீட்டிலும் தெருவிலும் பேசும்போது பெரும்பாலும் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்றேன். நம்முடைய குளிச்சாச்சா, தூங்கியாச்சா மாதிரி.

"ஓ, அப்ப அந்த 'கெ'தான் அவங்களோட 'ஆச்சு'வா? நாம வாலுல கட்டுறதை அவங்க தலையில கட்டுறாங்க!"

அவ்வளவுதான், அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லா வினைக்கும் தலையில் 'கெ' முளைத்துவிட்டது.

"அண்ணி, கெகுளிச்சீங்களா?"

"கெகுளிச்சேன். நீ கதவைக் கெபூட்டினியா?"

"கெபூட்டினேன். சாவியைக் கெதொலைச்சேன்."

கடையில் ஒரு வாடிக்கையாளரிடம் அவள் வாய்தவறி, "முன்பக்கம் கொஞ்சம் கெவெட்டட்டுமா?" என்று கேட்க, அது ஏதோ புது மாதிரி வெட்டு என்று நினைத்து அந்த அம்மா போர்வையோடு எழுந்து நின்றுவிட்டாராம்.

பிறகு என் பாடம் தொடங்கியது. நான் கேள்வி கேட்க வேண்டும், அவள் வாய்க்கு வந்ததைச் சொல்வாள். என்ன சொன்னாலும் நான் "டொல்!" என்று சிரித்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போக வேண்டும். 'டொல்' என்றால் பிரமாதம்.

"நேத்து எங்க போனே?" என்று ஜெர்மனில் கேட்டேன்.

"நிலாவுக்கு. அங்க ஒருத்தருக்கு முடி வெட்டினேன்."

"அங்கதான் தண்ணியே..."

முழங்கையில் சீப்பால் ஒரு தட்டு. "நம்புங்க அண்ணி!"

"டொல்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சிரிச்சுக்கிட்டே சொல்லணும். நீங்க மெஷினைப் பாக்கற மாதிரி என் வாயைப் பாக்கறீங்க."

சாயங்காலம் ரொட்டிக் கடை வேலை முடிந்து என் கணவர் கூப்பிடும்போதும் பயிற்சி நடந்தது. அவரும் நானும் முடிந்தவரை ஜெர்மனில் பேசிக்கொள்வது என்று ஏற்பாடு. மொழி வறண்டுபோகிற இடத்தில் தமிழ். நாத்தனார் திரைக்கு வெளியே சீப்போடு நிற்பாள்.

ஒருநாள் அவருக்குப் பின்னால் தும், தும், தும் என்று சத்தம் கேட்டது.

"அது என்னங்க சத்தம்?"

"அதுவா? மேல் மாடிக்காரர். டான்ஸ் கத்துக்கிறார்."

என்ன டான்ஸ், தினமும் இந்த நேரத்திலா, ஷூவோடா வெறுங்காலோடா என்று வரிசையாக நாக்கு நுனிக்கு வந்தன. சீப்பு உயர்ந்தது.

"டொல்!" என்றேன்.

அவர் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி பரவியது. நம்பினால் மனிதர்கள் இவ்வளவு சந்தோஷப்படுவார்களா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

வேலையில் மட்டும் சீப்பை உள்ளே விடவில்லை. அந்த நாட்களில்தான் ஒரு ஆள் தினமும் போன் செய்துகொண்டிருந்தார். மெஷினில் தண்ணீர் வடியவில்லை, துணியெல்லாம் குளத்தில் கிடக்கிற மாதிரி கிடக்கிறது என்றார்.

"ஃபில்டர் கழுவினீங்களா?"

"பண்ணியாச்சு."

"பின்னாடி ட்யூப் மடங்கியிருக்கான்னு பாத்தீங்களா?"

"அதெல்லாம் எப்பவோ பண்ணியாச்சுங்க."

"நான் வந்து ஒரு தடவை பாக்கட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் வேண்டாம். போன்லயே சொல்லுங்க, நான் பண்ணிடறேன்."

சரி, ஃபில்டரைக் கழற்றி ஒரு ஊது ஊதிவிட்டு மாட்டுங்கள் என்றேன். ஏதோ உருளும் சத்தம். பிறகு என் காதுக்குள் நேராக "ஃபூ" என்று ஒரு காற்று. போன்மேல் ஊதியிருக்கிறார்.

"ஊதியாச்சு" என்றார்.

என் தொழில் வாழ்க்கையில் ஊதல் தோற்றது அன்றுதான். அவருடைய எண்ணைப் 'பண்ணியாச்சு' என்று பதிந்துவைத்தேன். அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

தேர்வு அன்று காலையில் நாத்தனார் என் தலையை வாரிவிட்டு, அதே சீப்பை என் கைப்பையில் போட்டாள். "சந்தேகம் வரும்போது பையைத் தொட்டுக்கோங்க."

தேர்வறையில் ஒரு நீள மேசை. ஓரத்தில் தேர்வாளர்கள் இருவர். போன தடவை இருந்த அம்மா என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கூட இளைஞர் ஒருவர் இருந்தார். எனக்கு எதிரில் நல்ல தடித்த மணிக்கட்டுகளோடு ஒரு மனிதர், குழாய் வேலை செய்பவர் என்று ஜெர்மனில் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். வேலைக்காகத்தான் அந்த ஊருக்குப் போகிறாராம். மடிப்புக் கலையாத சட்டை. ஆனால் அதிலிருந்து ஒரு வாசனை வந்தது. வடியாத தண்ணீரில் ஊறிக் காய்ந்த துணிக்கென்று ஒரு வாசனை உண்டு. எவ்வளவு இஸ்திரி போட்டாலும் போகாது. நான் பையைத் தொட்டுக்கொண்டேன்.

முதல் சீட்டு 'தூக்கம்'. "ஹாபன் ஸீ கூட் கெஷ்லாஃபன்?" நன்றாகத் தூங்கினீர்களா?

"யா." கண்கள் இரண்டும் சிவந்திருந்தன.

"டொல்!" என்று சிரித்தேன். தேர்வாளர் அம்மாவின் புருவம் உயர்ந்தது.

அவர் ஒரு சீட்டை எடுத்தார். "காலைச் சாப்பாடு?" என்று அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். கதவும் இல்லை, குழாயும் இல்லை. நானாக அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு, ரொட்டி தின்றேன், தேநீர் குடித்தேன் என்றேன். அடுத்து நான் கேட்ட கேள்விக்கும் "யா"தான். நான் "டொல்" சொன்னேன். அவர் "யா" என்றார். மேசை ஓரத்தில் பேனாக்கள் இரண்டும் எழுதாமல் கிடந்தன. போன தடவை பந்தை நானே வைத்துக்கொண்டேன். இந்தத் தடவை பந்து தரையில் உருண்டு போய்க்கொண்டிருந்தது. கணவரின் உள்ளங்கை அளவு முகம் ஒரு மழைக்காலம் முழுவதும் அப்படியே திரையில் நிற்பது எனக்குத் தெரிந்தது.

அடுத்த சீட்டைத் திருப்பினேன். 'துணி'.

நேற்று துணி துவைத்தீர்களா என்று கேட்டேன்.

"யா, யா" என்றார். பிறகு எல்லாவற்றையும் முடித்துவைக்கிற மாதிரி கையை வீசி, "ஆலெஸ் கெமாஹ்ட்!"

எல்லாம் பண்ணியாச்சு!

அந்த இழுவை, அந்த அவசரம், கடைசியில் கதவைச் சாத்துகிற அந்தத் தொனி. மொழி மாறினால் என்ன, குரல் மாறுமா? எதிரில் உட்கார்ந்திருப்பது என் பண்ணியாச்சு! ஒரு குழாய்க்காரர், தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது என்று தெரியாமல் தவிக்கிறார். அதை ஒரு மெஷின்காரியிடம் எப்படி ஒப்புக்கொள்வார்? போன்மேல் ஊதாமல் வேறென்ன செய்வார்!

என் வயிற்றுக்குள் சிரிப்பு, பொங்கும் பால் மாதிரி ஏறியது. கேட்டால் போலீஸ். நம்பினால் இரண்டு பேரும் காலி. பையைத் தொட்டேன். சீப்புக்கு இந்தப் பழுது புரியவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருஷமாக நான் கேட்ட கேள்விகளில் 'இல்லை' என்று சொல்ல இடமே வைத்ததில்லை. 'இல்லை' என்று சொல்பவர் என்னிடம் மாட்டிக்கொள்வார். அப்புறம் யார் சொல்வார்கள்?

சீட்டைக் கீழே வைத்தேன். மெதுவாக, ஜெர்மனில் சொன்னேன்: "நான் மெஷின் ரிப்பேர் செய்கிறேன். ஆனால் என் வீட்டு மெஷினில் ஃபில்டரை நான் கழுவவில்லை. ரொம்ப நாளாகக் கழுவவில்லை." அது சத்தியமான உண்மை. ஊர் மெஷினையெல்லாம் பார்ப்பவளுக்கு வீட்டு மெஷின் கண்ணில் படுவதில்லை. "ஹாபன் ஸீ டேன் ஃபில்டர் கெபுட்ஸ்ட்?" நீங்கள் ஃபில்டரைச் சுத்தம் செய்தீர்களா?

அவர் என்னைப் பார்த்தார். தமிழில் என்றால் பத்து சாக்கு வந்திருக்கும்: வேலை அதிகம், வீட்டுக்காரர் சொன்னார், போன மாசம் பண்ணினேன். ஜெர்மனில் அவரிடம் சாக்குக்கான சொற்கள் இல்லை. கொஞ்சம் சொற்கள் மட்டுமே தெரிந்தவனுக்கு உண்மைதான் சுலபம்.

"நைன்" என்றார். இல்லை.

அந்த ஒரு சொல் வெளியே வந்ததும் அடைப்பு எடுத்த குழாய் மாதிரி மற்றதெல்லாம் கொட்டியது. "நான் தூங்கவில்லை. மெஷினில் தண்ணீர். நான் கையால் எடுத்தேன். வாளியில் எடுத்தேன். நான் குழாய்க்காரன்! நான் யாரிடமும் சொல்லவில்லை." வினையெல்லாம் கடைசியில், 'கெ'யெல்லாம் தலையில், அது அது அதனதன் இடத்தில். பிறகு மேசைமேல் குனிந்து, நெஞ்சைத் தொட்டுக் கெஞ்சுகிற குரலில் கேட்டார்: "வோ இஸ்ட் டேர் ஃபில்டர்?"

ஃபில்டர் எங்கே இருக்கிறது?

இத்தனை நாள் போனில் கேட்காத கேள்வி!

"கீழே! வலது பக்கம்! சின்னக் கதவு!" என்று மேசையையே மெஷினாக்கிக் கைகாட்டினேன். தேர்வாளர் இளைஞர் தன்னை மறந்து குனிந்து மேசைக்கால் ஓரமாக எட்டிப் பார்த்தார். முதலில் தட்டையான ஒரு தட்டை வையுங்கள், துண்டு போடுங்கள், மெதுவாகத் திருகுங்கள் என்றேன். 'துண்டு' என்பதற்கு ஜெர்மன் சொல் மறந்துபோய்த் தோளில் போட்டுக் காட்டினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டவர், திடீரென்று வாயைப் பிளந்தார். என் குரல் அவருக்கும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஸின்ட் ஸீ... டீ வாஷ்மஷீனெ?"

நீங்கள்தான் துணி துவைக்கும் மெஷினா என்று கேட்கிறார்.

"யா!" என்றேன். "நான்தான் மெஷின்!"

தேர்வாளர் அம்மா பேனாவால் வாயை மறைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. ஆனால் பேனா கீழே இறங்கியதும் விடாமல் எழுதியது. குழாய்க்காரர் அடுத்தடுத்த சீட்டை எடுத்து முழுக் கேள்விகளாக எறிய, நான் பிடிக்க, நான் எறிய, அவர் பிடிக்க, மணி அடித்தபோது இருவரும் நிறுத்த மனமில்லாமல் நிறுத்தினோம்.

வெளியே வந்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏங்க, நான் குழாய் வேலை பாக்கறவன்னு உங்க கடைப் பக்கம் சொல்லிடாதீங்க."

"எதை?"

அவர் சிரித்துவிட்டார். மறுநாள் 'பண்ணியாச்சு' என்று போன் ஒளிர்ந்தது. எடுத்ததும் "அட!" என்றார், வணக்கம்கூடச் சொல்லாமல். ஃபில்டருக்குள் சட்டைப் பையிலிருந்து விழுந்த குழாய் வாஷர்கள் குவியலாகக் கிடந்தனவாம். அந்த வாஷரெல்லாம் காணோமென்று கடைக்காரரோடு சண்டை வேறு போட்டிருக்கிறார்.

முடிவு வந்தபோது நான் ஒரு மெஷினுக்குப் பின்னால் படுத்திருந்தேன். தேர்ச்சி. வீட்டுக்கு ஓடிவந்து படியேறினேன். நாத்தனார் கீழே ஒரு தலையைப் பாதி வெட்டில் விட்டுவிட்டுக் கத்திரியோடு என் பின்னாலேயே ஏறி வந்தாள்.

"கெஜெயிச்சுட்டீங்களா?"

"கெஜெயிச்சுட்டேன்!"

கட்டிப்பிடித்துக் குதித்தோம். கீழேயிருந்து பாதித் தலை "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

கணவரைக் கூப்பிட்டோம். எடுத்ததுமே "ஹாஸ்ட் டூ பெஷ்டாண்டன்?" என்றார். தேறிவிட்டாயா? இந்த மாதிரிச் சில வினைகளுக்கு 'கெ' கிடையாது. அதைக்கூட அவர் சரியாகச் சொன்னார்.

"யா!"

அவர் கத்திய கத்தலில் திரை ஆடியது. அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலும் பின்னால் அதே தும், தும், தும். நாத்தனார் சீப்பைத் தேடினாள். சீப்பு என் பையில் இருந்தது. நான் முதல் தடவையாக அந்தச் சத்தத்தைச் சரியாகக் கேட்டேன். மெதுவாகத் தொடங்கி, வேகம் பிடித்து, உச்சத்தில் தடதடவென்று அதிர்ந்து, பிறகு அடங்குகிறது. எந்த டான்ஸும் தண்ணீர் வடிகிற சத்தத்தோடு முடிவதில்லை.

புது மெஷின்களில், வண்டியில் வரும்போது உள்ளே இருக்கிற உருளை ஆடாமல் இருக்கப் பின்பக்கம் பெரிய ஸ்க்ரூக்கள் போட்டு இறுக்கியிருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் ஓட்டினால் மெஷின் குதித்துக் குதித்து நடக்கும்.

"ஏங்க, நம்ம வீட்டு மெஷின்ல நான் ஃபில்டரே கழுவறதில்லை" என்றேன்.

"என்னது! நீயா?"

"நானேதான். இப்ப நீங்க சொல்லுங்க. பின்னாடி இருக்கிற ஸ்க்ரூவையெல்லாம் கழட்டியாச்சா?"

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். தும், தும்.

"நீ வந்து பாத்து சந்தோஷப்படணும்னு வாங்கி வச்சேன்" என்றார் சின்னக் குரலில். "தினமும் பாத்ரூம்ல இருந்து கெளம்பி வாசல் வரைக்கும் வந்துடுது. நான்தான் மேல ஏறி உக்காந்து திருப்பி அனுப்பறேன்."

போனைத் திருப்பிக் காட்டினார். வெள்ளை வெளேரென்று ஒரு புது மெஷின், நான் வருகிற சேதி அதற்கும் தெரிந்த மாதிரி, குதித்துக் குதித்து வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தது.

நாத்தனார் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப நான் என்ன பண்ணட்டும்? கழட்டட்டுமா?"

"தொடாதீங்க, நான் வந்து கழட்டறேன்" என்றேன். "அதுவரைக்கும் ப்ளக்கைப் பிடுங்கி ஊதிக்கிட்டே இருங்க."